குளிர்வைக் கணிக்க முழு வரிசையா, பின்ன வரிசையா?

முதுநிலை மாணவர்கள் திட்டக்கட்டுரைக்குத் தலைப்புத் தேடும் பருவத்தில், நியூட்டனின் குளிர்வு விதியைப் பின்ன வகைக்கெழுவால் (ஒன்று, இரண்டு என்ற முழு எண்ணுக்குப் பதில் அரை போன்ற பின்னத்தை வரிசையாகக் கொண்ட வகைக்கெழுவால்) திருத்துவது என்ற தலைப்பு ஆண்டுதோறும் என் மேசைக்கு வந்து சேர்கிறது. மாணவர் கையில் ஓர் அட்டவணை இருக்கும். வெந்நீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர், அதில் ஒரு வெப்பமானி, இரண்டு நிமிடத்துக்கு ஒரு அளவீடு. பின்ன வரிசைச் சமன்பாட்டைப் பொருத்தினால் பிழை குறைகிறது, எனவே அதுவே சிறந்த மாதிரி என்று முடிவும் எழுதப்பட்டிருக்கும். பின்ன நுண்கணிதத்தின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அந்த மதிப்பின் காரணமாகவே இந்த முடிவை என்னால் ஏற்க முடிவதில்லை. எந்த மாதிரியைத் தேர்வது என்பதைப் பிழையின் அளவு மட்டும் தீர்மானிக்க முடியாது. பொருளை விட்டு வெளியேறும் வெப்பம் எங்கே போகிறது, போன இடம் அதை வைத்துக்கொள்கிறதா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

நியூட்டன் தம் விதியை 1701இல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில், பெயர் குறிப்பிடாமல், லத்தீனில் வெளியிட்டார். பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டை அவர் அசைவற்ற காற்றில் குளிரவிடவில்லை, சீராக வீசும் காற்றில் வைத்தார் என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஆனால் விதியின் உயிர் அந்த நிபந்தனையில்தான் இருக்கிறது. வீசும் காற்று இரும்பிடமிருந்து பெற்ற வெப்பத்தை உடனே அள்ளிக்கொண்டு போய்விடுகிறது, அடுத்த நொடியில் இரும்பைத் தொடுவது புதிய காற்று. ஆகவே வெப்பநிலை எவ்வளவு வேகமாக இறங்கும் என்பது அந்தக் கணத்தில் பொருளுக்கும் சூழலுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டை மட்டுமே பொறுத்தது, அதற்கு முன் நடந்தவற்றைப் பொறுத்ததன்று. இதன் தீர்வு நாமறிந்த அடுக்குக்குறிச் சார்பு. குளிர்வின் வேகத்தைக் காட்டும் கால அளவே காலமாறிலி: ஒரு காலமாறிலி கழிந்ததும் வேறுபாட்டில் ஏறத்தாழ 37 சதவீதம் எஞ்சும், பத்துக் காலமாறிலிகள் கழிந்தால் அளக்கத்தக்க எதுவும் எஞ்சாது.

பின்ன வரிசை வகைக்கெழு இதற்கு நேர்மாறான எண்ணத்திலிருந்து தொடங்குகிறது. வகையீட்டின் வரிசை அரை என்றால் என்ன பொருள் என்ற கேள்வியை லைப்னிட்ஸ் 1695இல் லோபிதாலுக்கு எழுதிய கடிதத்திலேயே எடுத்துப் பேசியிருக்கிறார். 1823இல் ஆபெல் ஓர் இயக்கவியல் சிக்கலுக்கு அரை வரிசையைப் பயன்படுத்தினார். குளிர்வுக் கணக்குகளில் இன்று பெரிதும் கையாளப்படும் வரையறை கபூட்டோ 1967இல் தந்தது. அதன்படி, இந்தக் கணத்தின் பின்ன வகைக்கெழு என்பது தொடக்கம் முதல் இன்றுவரை இருந்த எல்லா மாற்ற வேகங்களின் எடையிட்ட கூட்டுத்தொகை. அண்மையில் நடந்ததற்கு எடை அதிகம், முன்பு நடந்ததற்குக் குறைவு, ஆனால் எதற்கும் எடை பூச்சியமாவதில்லை. இந்த நினைவாற்றலே பின்ன வகைக்கெழுவின் தனித்தன்மை. நியூட்டன் விதியின் முதல் வரிசை வகைக்கெழுவை எடுத்துவிட்டு, ஒன்றைவிடச் சிறிய ஒரு பின்னத்தை ஆல்ஃபா என்று குறித்து, ஆல்ஃபா வரிசை வகைக்கெழுவை வைத்தால், அடுக்குக்குறிச் சார்பின் இடத்தில் மிட்டாக்-லெஃப்லர் 1903இல் அறிமுகப்படுத்திய சார்பு வந்து அமர்கிறது. ஆல்ஃபா ஒன்றானால் அது அடுக்குக்குறிச் சார்பாகவே மாறிவிடும்.

இரண்டையும் ஒரே டம்ளரில் வைத்து எண்களால் ஒப்பிடலாம். மூடியிட்ட டம்ளரில் 90 டிகிரி நீர், அறை 30 டிகிரி, காலமாறிலி 40 நிமிடம் என்று கொள்வோம். பின்ன வரிசை 0.9. நான்காம் நிமிடத்தில் அறையைவிட எவ்வளவு சூடு மிகுந்திருக்கும் என்று கேட்டால், நியூட்டன் 54.3 டிகிரி என்பார், பின்ன மாதிரி 52.7 என்னும். நாற்பதாம் நிமிடத்தில் முன்னது 22.1, பின்னது 22.6. அதாவது ஒரு டிகிரிக் கோடுகள் கொண்ட ஆய்வக வெப்பமானியில் இரண்டையும் பிரித்தறிவதே கடினம். பத்துக் காலமாறிலிகள், அதாவது 6 மணி 40 நிமிடம் கழித்து, நியூட்டன் கணக்கில் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் மூன்று பங்குகூட எஞ்சாது, பின்ன மாதிரியிலோ இன்னும் ஒரு டிகிரி எஞ்சியிருக்கும். ஆகவே இரு மாதிரிகளும் நடுவில் ஒட்டியே செல்கின்றன, தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் விலகுகின்றன. பின்ன வரிசை தொடக்கத்தில் செங்குத்தாக இறங்கி, கடைசியில் நீண்ட வாலாக இழுபடும்.

சிக்கல் இங்கேதான். டம்ளர்ச் சோதனையில் நம்பத்தகாத இரண்டு இடங்களும் இவையே. 200 கிராம் நீரை 100 கிராம் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால், டம்ளர் தன் பங்கு வெப்பத்தை வாங்கிக்கொள்வதாலேயே நீர் 90இலிருந்து 86.6 டிகிரிக்கு இறங்கிவிடும். அறைக்கு வெப்பம் போவதற்கு முன்பே நடக்கும் மூன்றரை டிகிரி இறக்கம் அது. பின்ன மாதிரி தன் செங்குத்தான தொடக்கத்தைக் கொண்டு இதை ஆவலோடு விழுங்கிக்கொள்கிறது, நாம் அதை நினைவாற்றல் என்று பெயரிட்டு அழைக்கிறோம். முடிவிலும் இதே கதை. ஆய்வகத்தில் பத்துப் பேர் கூடி நின்று, மின்விசிறியும் நின்றுபோனால் அறை ஒரு டிகிரி ஏறுவது பெரிய செய்தி அன்று. அந்த ஒரு டிகிரியும் பின்ன மாதிரி வால் என்று காட்டும் ஒரு டிகிரியும் வரைபடத்தில் ஒன்றுபோலவே தோன்றும். வெப்பமானி அறையின் மறுமூலையில் தொங்க, டம்ளர் சன்னலோரம் இருந்த ஒரு சோதனையின் அட்டவணையை நானே பின்ன வரிசைக்கு ஆதாரமாக ஏற்றுக் கையொப்பமிட்டிருக்கிறேன். இன்றும் அதை நினைத்தால் மனம் உறுத்துகிறது.

ஆகவே காற்றில் குளிரும் பாத்திரத்துக்கு, பின்ன வரிசைக்குப் போகுமுன் முயல வேண்டிய மாற்று ஒன்று உண்டு. அதுவே பெரும்பாலும் சரியான தேர்வும் ஆகும். நியூட்டன் விதியை வைத்துக்கொண்டு, அது விட்டுவைத்த இயற்பியலைச் சேர்ப்பதுதான் அது. பாத்திரத்தையும் நீரையும் இரண்டு பொருள்களாகக் கொண்டால் இரண்டு அடுக்குக்குறிச் சார்புகளின் கூட்டல் கிடைக்கிறது, விரைவான சார்பு தொடக்க இறக்கத்தை ஏற்றுக்கொள்கிறது. வெப்பநிலை வேறுபாடு பெரிதாக இருக்கும்போது நியூட்டன் விதி பிசகுவதை டூலாங்கும் பெட்டியும் 1817இலேயே காட்டிவிட்டார்கள். அசைவற்ற காற்றில் இயல்பான வெப்பச்சலனத்தால் ஏற்படும் இழப்பு வேறுபாட்டின் 5/4 அடுக்குக்கு நேர்விகிதம் என்ற முடிவை 1881இல் லோரென்ஸ் பெற்றார். இதன்படி வேறுபாடு 60 டிகிரியிலிருந்து 6 டிகிரிக்கு இறங்குவதற்குள் வெப்பச்சலனக் கெழு 56 சதவீதமாகச் சுருங்கும். கதிர்வீச்சின் பங்கும் குறையும்: கரும்பொருள் போன்ற பரப்பில் சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு 8.4 வாட்டாக இருப்பது 6.5 வாட்டாகிவிடும். மூடி இல்லாவிட்டால் ஆவியாதல் இவற்றோடு சேரும், சூடான நீரில் அது மற்றவற்றை மிஞ்சிவிடும். குளிரக் குளிர இழப்பின் கெழுவே தளர்ந்துகொண்டு போவதால், எந்த நினைவாற்றலும் இல்லாமலேயே வரைபடத்தில் வால் நீள்கிறது.

உண்மையான நினைவாற்றலையும் போலியையும் பிரித்தறிய எளிய சோதனை இருக்கிறது. முதல் ஐந்து நிமிட அளவீடுகளை நீக்கிவிட்டு மறுபடியும் பொருத்த வேண்டும். ஆல்ஃபா ஒன்றை நோக்கி நகர்ந்தால், முன்பு கண்ட பின்ன வரிசை பாத்திரம் விழுங்கிய வெப்பத்தின் விளைவே. இன்னும் உறுதியான வழி, பொருளை ஒரே வெப்பநிலைக்கு இரண்டு வழிகளில் கொண்டுவருவது. 90இலிருந்து குளிர்ந்து 70ஐ அடைந்த டம்ளரையும், முன்கூட்டியே சூடேற்றிய டம்ளரில் நேரடியாக 70இல் தொடங்கிய நீரையும் ஒப்பிட வேண்டும். இரு வளைகோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்திவிட்டால் அமைப்புக்கு நினைவு இல்லை, நியூட்டன் விதியோ அதன் 5/4 திருத்தமோ போதுமானது. பொருந்தாவிட்டால் மட்டுமே பின்ன வரிசைக்கு வாய்ப்பு. இந்தச் சோதனைக்குக் கூடுதல் கருவி எதுவும் வேண்டாம், ஒரு பிற்பகல் போதும். ஆனாலும் என் கண்ணில் பட்ட திட்டக்கட்டுரைகளில் இதைச் செய்தவை மிகச் சிலவே.

பின்ன வரிசை தன் முழு உரிமையோடு வந்து நிற்கும் இடம் வேறு. 20 சென்டிமீட்டர் பக்கமும் 5 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட இரும்புத் தகட்டை 130 டிகிரிக்குச் சூடேற்றி, 30 டிகிரியில் உள்ள வறண்ட மணலுக்குள் புதைப்பதாகக் கொள்வோம். தகட்டிலிருந்து புறப்படும் வெப்பத்தை இங்கே யாரும் அள்ளிக்கொண்டு போவதில்லை. அது மணலின் முதல் அடுக்கைச் சூடாக்குகிறது, அங்கிருந்து அடுத்த அடுக்குக்கு மெல்ல ஊர்கிறது. தகட்டை இப்போது தொட்டுக்கொண்டிருப்பது, தகடு சற்று முன் கொடுத்த வெப்பத்தால் சூடேறிய அதே மணல். தகட்டின் கடந்தகாலம் முழுவதும் மணலில் எழுதப்பட்டிருக்கிறது. வெப்பக் கடத்தல் சமன்பாட்டை ஆழமான மணலுக்குத் தீர்த்தால், மணலுக்குள் புகும் வெப்ப ஓட்டம் பரப்பு வெப்பநிலையின் அரை வரிசை வகைக்கெழுவுக்குத் துல்லியமாக நேர்விகிதத்தில் இருக்கும். நேர்விகித மாறிலி, மணலின் கடத்துதிறன், அடர்த்தி, தன்வெப்பம் மூன்றின் பெருக்கற்பலனுடைய வர்க்கமூலம். தகடு இழக்கும் வெப்பத்தை இதற்குச் சமப்படுத்தினால் கிடைக்கும் தீர்வு, அரை வரிசை மிட்டாக்-லெஃப்லர் சார்பேதான். தோராயம் எதுவும் இல்லை, பொருத்திக் கண்டுபிடித்த ஆல்ஃபாவும் இல்லை. அரை என்ற எண்ணை இயற்பியலே எடுத்துக் கொடுக்கிறது.

எண்களும் நியூட்டனிடமிருந்து வெகுதூரம் விலகி நிற்கின்றன. வறண்ட மணலின் கடத்துதிறனை மீட்டருக்கு, டிகிரிக்கு 0.3 வாட், அடர்த்தியை கனமீட்டருக்கு 1600 கிலோகிராம், தன்வெப்பத்தை கிலோகிராமுக்கு 800 ஜூல் என்று தோராயமாகக் கொண்டால், தகட்டின் காலமாறிலி ஏறத்தாழ மூன்றரை நிமிடம் வரும். முதல் இருபது நொடிகளிலேயே 100 டிகிரி வேறுபாட்டில் 28 டிகிரி போய்விடும், நியூட்டன் விதி அதே நேரத்தில் பத்தைக்கூடத் தாண்டாது. காலமாறிலி கழிந்ததும் 43 டிகிரி எஞ்சும். பத்துக் காலமாறிலிகள் கழிந்து, அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆன பிறகும் 17 டிகிரி எஞ்சியிருக்கும். டம்ளரில் அரை டிகிரிக்கும் ஒரு டிகிரிக்கும் வழக்காடியதை இதனோடு ஒப்பிட்டால், எது மாதிரியின் உண்மையான வெற்றி என்பது விளங்கும். உருக்கிய உலோகத்தை மணல் அச்சில் வார்க்கும் வார்ப்பாலைகளிலும், நிலத்தடிக் குழாய்களிலும், தடித்த சுவர்களிலும் வெப்பம் போகும் வழி இதுவே. வெப்ப அமைப்புகளை அளவீட்டிலிருந்து இனங்காணும் துறையில் பிரான்சின் போர்தோ ஆய்வாளர்கள் அரை வரிசையின் மடங்குகளைக் கொண்ட சமன்பாடுகளைக் கையாள்வதற்கும் காரணம் இதுதான்: மிகச் சில அளவுருக்களைக் கொண்டே நீண்ட கால நடத்தையை அவை பிடித்துவிடுகின்றன.

ஆனால் அரை வரிசையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பத்தக்கது அன்று. இதற்குப் பூமியே சாட்சி. 1862இல் கெல்வின், பூமி தொடக்கத்தில் 7000 ஃபாரன்ஹீட் டிகிரியில் இருந்து, உள்ளே கடத்தலால் மட்டும் குளிர்ந்தது என்று கொண்டு, 50 அடி ஆழத்துக்கு ஒரு டிகிரி என்ற வெப்பச் சரிவிலிருந்து அதன் வயதை 9.8 கோடி ஆண்டு என்று கணித்தார். தரவுகளின் ஐயப்பாட்டைக் கருதி 2 கோடி முதல் 40 கோடி வரை என்று எல்லை வகுத்தார். ஆழமான மணலுக்குச் சொன்ன அதே அரை வரிசைக் கணக்குதான் இதுவும். கணிதத்தில் பிழையில்லை. பூமியின் உட்பகுதி வெப்பத்தை வெறும் கடத்தலைவிட நன்றாகக் கொண்டுசெல்லக்கூடும் என்று 1895இல் பெர்ரி சுட்டிக்காட்டினார்; அப்படியானால் வயது பன்மடங்கு கூடும். ஹெவிசைடு வகையீட்டின் வர்க்கமூலத்தையே ஓர் எண்போலக் கையாளும் தம் முறையால் இதே சிக்கலைத் தீர்த்துக் காட்டினார். இன்று பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டு என்று அறிவோம். வெப்பம் போகும் வழியைத் தவறாகக் கொண்டால் எவ்வளவு அழகான வர்க்கமூலமும் காப்பாற்றாது.

சிறிய திண்மங்களில் அரை வரிசை சிறிது நேரமே ஆட்சி செய்கிறது. ஆறிவிட்டது என்று கையில் எடுத்த கொழுக்கட்டையின் பூரணம் நாக்கைச் சுட்டுவிடுவதை அனைவரும் அறிவோம். மேற்பரப்புக்கும் மையத்துக்கும் வெப்பநிலை வேறுபடும் இத்தகைய பொருளை ஒரே வெப்பநிலையால் குறிக்கவே முடியாது. பொருளின் உள்ளே வெப்பம் சந்திக்கும் தடைக்கும் மேற்பரப்பில் சந்திக்கும் தடைக்கும் உள்ள விகிதமான பயாட் எண் 0.1க்குக் குறைவாக இருந்தால் மட்டுமே ஒரே வெப்பநிலை என்ற கொள்கை செல்லும். காற்றில் தொங்கும் மேற்படி இரும்புத் தகட்டுக்கு அது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும். மாவுப் பண்டங்களுக்கும் கிழங்குகளுக்கும் எல்லையைத் தாண்டிவிடும். குளிர்ச்சி மேற்பரப்பிலிருந்து உள்நோக்கிப் பரவும் வரை அரை வரிசையின் சாயல் தெரியும், மையத்தை எட்டியதும் எந்த எல்லைக்குட்பட்ட பொருளும் அடுக்குக்குறிப் பாதைக்குத் திரும்பிவிடும். இங்கே முழு வெப்பக் கடத்தல் சமன்பாட்டையே கணினியில் தீர்ப்பது நல்லது. இன்றைய மடிக்கணினிக்கு அது நொடிகளில் முடியும் வேலை.

இறந்தவர் உடலின் குளிர்வைக் கொண்டு இறந்த நேரத்தை மதிப்பிடும் தடய மருத்துவத்தில் பின்ன வரிசையைப் பரிந்துரைப்பதை நான் வெளிப்படையாகவே எதிர்க்கிறேன். உடலின் ஆழ்வெப்பநிலை முதலில் சிறிது நேரம் ஏறக்குறைய இறங்காமல் நிற்கும், பிறகே சரியத் தொடங்கும். மார்ஷலும் ஹோரும் 1962இல் முன்வைத்த இரட்டை அடுக்குக்குறி வாய்பாடு இதைச் சரியாகக் காட்டுகிறது. அதைப் பின்பற்றி ஹென்ஸ்கே உருவாக்கிய வடிவத்தில், குளிர்ந்த சூழலுக்கான கெழுக்கள் தொடக்கச் சரிவு துல்லியமாகப் பூச்சியமாகும்படி அமைந்திருக்கின்றன. ஒன்றுக்குக் குறைந்த வரிசையுடைய மிட்டாக்-லெஃப்லர் சார்போ தொடக்கத்தில் முடிவிலி வேகத்தில் இறங்குவது. வரிசையை ஒன்றுக்கு மேல் கொண்டுபோனால் தொடக்கம் சீராகும், ஆனால் வெப்பநிலை சூழலைவிடக் கீழே இறங்கி ஊசலாடும். ஒருவரின் விடுதலை தங்கியிருக்கக்கூடிய கணக்கில் இந்த விளையாட்டு வேண்டாம்.

பின்ன வகைக்கெழு என்ற பெயரோடு வேறு சிலவும் உலவுகின்றன. 2014இல் கலீல் உள்ளிட்ட நால்வர் அறிமுகப்படுத்திய இசைவு வகைக்கெழுவைக் குளிர்வில் வைத்தால், காலத்தைப் பொறுத்து மாறும் கெழுவோடு கூடிய சாதாரண நியூட்டன் விதியே மிஞ்சும். கோல்ராவ்ஷ் 1854இல் பயன்படுத்திய நீட்டிய அடுக்குக்குறிச் சார்பே அதன் தீர்வு. அதில் நினைவு இல்லை. 2015இலும் 2016இலும் வந்த, உட்கரு (கடந்தகாலத்துக்கு எடை தரும் சார்பு) முடிவிலியாகாத வகைக்கெழுக்களில் வேறு இடர்: தொடக்க நொடியில் சமன்பாட்டின் இடப்பக்கம் பூச்சியமாகிவிடும், வலப்பக்கத்தில் வேறுபாடு முழுமையாக இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாத சமன்பாட்டை வைத்துக்கொண்டு குளிர்வைப் பேசுவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

கபூட்டோ வகையைத் தேர்ந்தவர் கவனிக்க வேண்டியவை சில. குளிர்வு மாறிலியின் அலகு நொடியின் மைனஸ் ஆல்ஃபா அடுக்காக மாறிவிடுவதால், சமன்பாட்டைக் காலமாறிலியால் எழுதினாலன்றி எண்களை ஒப்பிட முடியாது. மிட்டாக்-லெஃப்லர் சார்பை நேரடித் தொடராகக் கூட்டினால், நீண்ட காலத்துக்குப் பெரிய எண்கள் ஒன்றையொன்று கழித்து விடையைச் சிதைக்கும். கராப்பா 2015இல் தந்த கணிப்பு முறையைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. அளவுரு ஒன்று கூடினால் பிழை குறைவது இயல்பே. ஆகவே அகாய்கேயின் அளவுகோலால் கூடுதல் அளவுருவுக்கு விலை வைத்துப் பார்க்க வேண்டும். தரவின் முற்பாதியைப் பொருத்திப் பிற்பாதியை முன்கணிக்கச் செய்வது அதைவிடக் கடுமையான தேர்வு, நான் அதையே கேட்கிறேன்.

பின்ன வரிசையைத்தான் செய்வேன் என்று உறுதியாக நிற்கும் மாணவரிடம் டம்ளரை விட்டுவிடச் சொல்கிறேன். அகலமான மரப்பெட்டியில் தகட்டின் இரு பக்கமும் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மணல் வேண்டும். மணலை முந்தின நாளே வெயிலில் பரப்பிக் காயவைக்க வேண்டும், ஈரம் இருந்தால் ஆவியாதல் கணக்கைக் கெடுத்துவிடும். தகட்டின் நடுவில் துளையிட்டு வெப்ப இரட்டையை (இரு உலோகக் கம்பிகளாலான வெப்ப உணரியை) பதித்து, முதல் நிமிடத்தில் நொடிக்கு ஒன்றும் பிறகு பத்து நொடிக்கு ஒன்றுமாக அளவெடுக்க வேண்டும். ஆல்ஃபாவை முன்கூட்டியே அரை என்று நிறுத்திவிட்டுக் காலமாறிலியை மட்டும் பொருத்தினால் போதும். பத்து நிமிடத்துக்குப் பிறகு, எஞ்சிய வேறுபாட்டைக் காலத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி வரைபடத்தில் குறித்துக்கொண்டே வரலாம். அரை மணி நேரத்தை நெருங்க நெருங்க அந்தக் கோடு கிடைமட்டமாகப் படிந்தால், மாணவர் அளந்திருப்பது மணலின் நினைவு.